சோதனை எலிக்கு நாம பட்ட கடன்

1. "என்னை என்ன சோதனை எலின்னு நினைச்சீங்களா?" ஆஸ்பத்திரியில் புது மாத்திரை எழுதினாலே யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுவிடுவார். இந்தச் சொல்லுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு விலங்கு இருக்கு. பேர் கினி பிக். அது இல்லேன்னா வைட்டமின் சி என்கிற பொருளே ரொம்பத் தாமதமாத்தான் நம்ம கைக்கு வந்திருக்கும்.

இப்போ அதே விலங்கை நம்ம பிள்ளைங்க ஆசைப்பட்டு வாங்கி வளர்க்கிறாங்க. பல வீடுகள்ல அது சாகிற காரணம் எதுன்னு பார்த்தா, எந்த நோயைக் கண்டுபிடிக்க அது உயிரைக் கொடுத்ததோ அதே நோய். இந்த இழை அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

2. முதல்ல பேரைச் சரி பண்ணிக்குவோம். இது கினி நாட்டு விலங்கு கிடையாது. பன்றியும் கிடையாது. எலியைப் போலக் கொறிக்கிற இனம்தான், ஆனா வீட்டு எலிக்கு ரொம்பத் தூரத்து உறவு. தமிழ்ல பழைய பேர் சீமைப் பெருச்சாளி. கடல் தாண்டி வந்த சரக்குக்கெல்லாம் 'சீமை' போடுறது நம்ம வழக்கம். சீமைக்கருவேலத்தை நினைச்சுக்கோங்க. ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துக்காரங்கதான்.

3. சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. இன்றைய பெரு, பொலிவியா பக்கம். ஐரோப்பியர் கப்பல் போய்ச் சேருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னாலயே அங்குள்ள மக்கள் இதை அடுப்படியில் வளர்த்தாங்க. நம்ம வீட்டுக் கோழி மாதிரின்னு வைங்களேன். இறைச்சிக்கும் அதுதான், பூசைக்கும் அதுதான். அவங்க மொழியில் பேர் 'கூய்'. அது போடுற சத்தமே பேராகிடுச்சு.

பெருவின் குஸ்கோ தேவாலயத்தில் 18ஆம் நூற்றாண்டில் மார்க்கோஸ் சபாடா வரைந்த இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியம் ஒண்ணு இருக்கு. நடுத் தட்டுல இருக்கிறது முழு கூய் வறுவல்னு அந்த ஊர்க்காரங்க சொல்வாங்க.

4. நம்ம கரிசக்காட்டுக்கு இந்தக் கண்டம் அந்நியம் இல்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைச்சது. அதுல இருக்கிற நிலக்கடலை தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். காட்டுல காயுற மிளகாய், மானாவாரி மக்காச்சோளம் எல்லாமே அந்தக் கண்டங்கள்ல இருந்து வந்தவைதான். கினி பிக்கும் அதே வழியில 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா போச்சு. அங்கே பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் செல்லமாச்சு.

5. செல்லப் பிராணி எப்படி ஆய்வகத்துக்குப் போச்சு? சாது. கடிக்கிறது அபூர்வம். சின்னக் கூண்டு போதும். இதெல்லாம் அதுக்கே வினையாப் போச்சு.

1782-83 குளிர்காலத்தில் பிரான்சில் லவோய்சியரும் லாப்லாசும் ஒரு கினி பிக்கை, சுற்றிலும் பனிக்கட்டி அடைத்த பாத்திரத்துக்குள் வைத்தாங்க. அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுதுன்னு அளந்தாங்க. மூச்சு விடுறதும் ஒருவகை மெதுவான எரிதல்தான் என்ற முடிவுக்கு வந்தது அப்படித்தான்.

6. நூறு வருஷம் கழிச்சு, 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை நிரூபிச்சதும் இதன் உடம்பில்தான். தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்மருந்து வந்த கதையும் இதே. அதுக்காக 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு எமில் பேரிங்குக்குப் போச்சு. பரிசு வாங்கினவர் படம் பாடப் புத்தகத்துல இருக்கு. இதன் படத்தை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

7. இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். ஸ்கர்வி. ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடும். ஆறின பழைய புண் மறுபடி திறக்கும். மூட்டுக்குள் ரத்தம் கட்டும். கடைசியில் உயிர் போகும். மாசக்கணக்கில் கடலில் போன மாலுமிகளை இது கூட்டம் கூட்டமாகக் கொன்றது. எலுமிச்சை, ஆரஞ்சு சாப்பிட்டா சரியாகும்னு 18ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஏன்னு மட்டும் தெரியாது.

8. நார்வேயில் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்று இரண்டு மருத்துவர்கள். அவங்க தேடியது வேற நோயை. கப்பல்காரர்களுக்கு வந்த ஒருவகை பெரிபெரி. ஜாவாவில் கோழிகளுக்குத் தீட்டின அரிசி கொடுத்து பெரிபெரி மாதிரி நோயை உண்டாக்கிய வேலையை ஹோல்ஸ்ட் நேரில் பார்த்துட்டு வந்திருந்தார். அதே சோதனையைப் பாலூட்டி ஒன்றில் செய்து பார்க்க நினைச்சு, கினி பிக்கைத் தேர்ந்தெடுத்தார். வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்து வளர்த்தாங்க.

9. பெரிபெரி வரலை. ஸ்கர்வி வந்தது! ஈறிலும் எலும்பிலும் மனுஷனுக்கு வர்ற அதே மாற்றங்கள். முட்டைக்கோஸும் எலுமிச்சைச் சாறும் கொடுத்தா வராமல் நின்றது. 1907இல் இதை வெளியிட்டாங்க. ஸ்கர்வியை ஆய்வகத்தில் வரவழைக்கவும் தடுக்கவும் முடிஞ்சது அதுக்கப்புறம்தான்.

அவங்க எலியை எடுத்திருந்தா? ஒண்ணுமே நடந்திருக்காது. எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் கல்லீரலிலேயே தயாரிச்சுக்கும். ஆடு, மாடு, நாய், பூனை எல்லாமே அப்படித்தான்.

10. மனுஷனால முடியாது. நம்ம கல்லீரலில் அந்தக் கடைசி நொதிக்கான மரபணு பழுதாகிக் கிடக்கு. நம்ம குரங்கு மூதாதையர் காலத்திலேயே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த பழுது. கினி பிக்குக்கும் தனியாக அதே மரபணு பழுதாச்சு. நமக்கும் அதுக்கும் நெருங்கின சொந்தம் கிடையாது. ஆனா குறை மட்டும் ஒண்ணு. இலை, காய், பழம் தினமும் வாயில் போகலேன்னா ரெண்டு பேருக்கும் உடம்பு உள்ளுக்குள்ள அவிழ ஆரம்பிச்சுடும்.

11. ஏன் அவிழுது? தோல், ஈறு, ரத்தக்குழாய், எலும்பு எல்லாத்தையும் கட்டி நிறுத்துறது கொலாஜன் என்ற புரதம். கட்டில் பின்னும் கயிறுன்னு வைங்க. புரி முறுக்கேறணும்னா வைட்டமின் சி வேணும். அது இல்லேன்னா கயிறு இருக்கும், முறுக்கு இருக்காது. பாரம் தாங்காமல் நைந்து போகும்.

12. 1928இல் ஹங்கேரிக்காரர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி அட்ரினல் சுரப்பியில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தார். அதுதான் வைட்டமின் சி என்று 1932இல் உறுதியானது. எப்படி? ஸ்கர்வி வர வேண்டிய கினி பிக்குகளுக்கு அதைக் கொடுத்தாங்க, வரலை. சுரப்பியில் இருந்து கிடைச்சது கொஞ்சம்தான். நிறைய வேணுமே? அவர் ஊரில் விளைந்த மிளகாய் வகையில் இருந்து கிலோ கணக்கில் எடுத்தார். 1937இல் நோபல். மிளகாயும் கினி பிக்கும் அமெரிக்கக் கண்டங்களில் இருந்து கப்பல் ஏறினவை என்பதை நினைச்சுக்கோங்க.

13. சரி, நம்ம ஊர்க் கதை? இருக்கு. நீலகிரி குன்னூரில். 1918இல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் சத்துக்குறை நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். புறா, குரங்கு, எலி, கினி பிக் எல்லாம் அங்கே இருந்தன. ஸ்கர்வி உண்டாக்கும் உணவை மட்டும் கினி பிக்குகளுக்குக் கொடுத்து, அட்ரினல் சுரப்பியும் சிறுநீர்ப்பையும் என்ன ஆகுதுன்னு பார்த்து எழுதினார்.

அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1950களின் கடைசியில் ஐதராபாத் போய், இன்னைக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது.

14. மெக்காரிசனுக்கு அப்புறம் 1935இல் வந்தவர் அய்க்ராய்ட். நம்ம நாட்டு உணவுகளில் என்னென்ன சத்து, எவ்வளவு என்ற அட்டவணையை 1937இல் வெளியிட்டார். 'நெல்லிக்காயில வைட்டமின் சி அதிகம்'னு நாம வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறோமே, அதுக்கு எண் கொடுத்தது இந்தக் காலத்து வேலைதான். 1940 வாக்கில் ஹிசார் பகுதிப் பஞ்சத்தில் ஸ்கர்வி வந்தப்போ கைகொடுத்ததும் நெல்லிதான்.

ரசாயன முறை வர்றதுக்கு முன்னாடி, ஒரு காயில எவ்வளவு வைட்டமின் சி இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? இத்தனை கிராம் கொடுத்தா கினி பிக் பிழைக்குதா, பல்லுக்குள் மாற்றம் வருதா என்று பார்த்து. காய்களின் பழைய மதிப்புகள் பலவும் இப்படி அளந்தவைதான்.

15. கவனிச்சீங்களா? அந்தச் சோதனை முழுக்க அதன் வாயில் இருந்து பச்சிலையைப் பறிச்சு வச்சுட்டு என்ன ஆகுதுன்னு பார்க்கிறதுதான். நூறு வருஷத்துக்கு முந்தி நம்ம உயிரைக் காப்பாத்துறதுக்காக நடந்தது. இன்னைக்கு வீட்டுக் கூண்டில் சாதமும் பிஸ்கட்டும் பால்ல நனைச்ச பிரெட்டும் போட்டு வளர்க்கும்போது, யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இல்லாமல் அதே சோதனையைத் திரும்பச் செய்றோம்.

கூண்டு மூலையில் நகராமல் உட்கார்ந்திருக்கும். தூக்கினா வலியில் கத்தும். முடி சிலும்பி நிற்கும். கால் மூட்டு வீங்கும். "சோம்பேறியா இருக்கு டாக்டர்" என்பாங்க. அது சோம்பல் கிடையாது. 1907இல் ஹோல்ஸ்ட் பார்த்தது.

16. அப்போ என்ன கொடுக்கலாம்? ஒரு கிலோ எடையுள்ள கினி பிக்குக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 30 மி.கி. வைட்டமின் சி வேணும். சினையாக இருந்தா, நோயில் இருந்தா மேல்பக்க அளவு. கொத்தமல்லித் தழையில் 100 கிராமுக்கு 135 மி.கி. என்பது பழைய அட்டவணைக் கணக்கு. 15 கிராம் தழை போட்டா ஏறக்குறைய 20 மி.கி. ஆச்சு. விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசலில் மானாவாரியா விளையுற மல்லிதான். வாடின தழையில் சத்து குறைஞ்சுடும், அன்னன்னைக்கு வாங்குங்க. குடைமிளகாயும் நல்லது. காரமான மிளகாய் வேண்டாம்.

நெல்லிக்காய் 100 கிராமில் 600 மி.கி. என்று அதே அட்டவணை சொல்லும். சின்னத் துண்டு போதும், புளிப்பு பிடிக்காட்டி வற்புறுத்தாதீங்க. தண்ணியில வைட்டமின் சொட்டு மருந்து கலக்கிறது வீண். கொஞ்ச நேரத்துல சிதைஞ்சுடும்.

17. ஆனா தட்டின் பெரும்பகுதி புல்தான். காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்கணும். இதன் பல் வாழ்நாள் முழுக்க வளரும். நார் அரைச்சு அரைச்சுத்தான் தேயும். குடலும் நிற்காமல் ஓடணும். அரை நாள், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் நின்று உயிருக்கு ஆபத்து.

அருகம்புல்லைப் பறிச்சு நிழலில் உலர்த்தினா அருமையான தீனி. பருத்திக்காட்டு வரப்பில் பறிக்காதீங்க, மருந்து அடிச்சிருப்பாங்க. இளஞ்சோளப் பயிரும் வாடின சோளத் தட்டையும் கூடவே கூடாது. மழை தவறின வருஷம் அதை மேய்ஞ்சு ஆடு மாடு விழுந்து செத்த கதை நம்ம பெரியவங்களுக்குத் தெரியும். சோளத்தின் இளங்குருத்தில் சயனைடு நஞ்சு உண்டாகும். மக்காச்சோளத்தின் பச்சைத் தோகை கொடுக்கலாம்.

18. சரி, தீனி ஆச்சு. தீனியைக் கிண்ணத்தில் கொட்டி வச்சாப் போதுமா? போதாது. இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1947இல் கனடாவின் உளவியலாளர் டொனால்ட் ஹெப், வீட்டில் செல்லமாக ஓடியாடி வளர்ந்த எலிகள் கூண்டு எலிகளைவிடப் புதிர்களை நன்றாக அவிழ்க்கின்றன என்று எழுதினார். 1960களில் பெர்க்லியில் மரியன் டயமண்ட், ரோசன்ஸ்வைக் குழு இன்னும் ஒரு படி போனாங்க. விளையாட்டுப் பொருளும் கூட்டாளியும் உள்ள கூண்டில் வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி, தனிக் கூண்டு எலிகளைவிடத் தடிமனாக இருந்தது.

19. 1963இல் க்ளென் ஜென்சன் செய்த சோதனை இன்னும் சுவாரசியம். எலிக்கு முன்னாடி கிண்ணம் நிறைய தீனி. பக்கத்தில் ஒரு விசை, அமுக்கினா தீனி ஒவ்வொண்ணா விழும். சும்மா கிடைக்கிறது இருந்தும் எலிகள் விசையை அமுக்கி அமுக்கிச் சாப்பிட்டன. அதுக்கப்புறம் பல விலங்குகளில் இதைப் பார்த்தாச்சு. தேடிச் சாப்பிடுறது விலங்குக்குச் சுமை இல்லை. அதுவே ஒரு தேவை.

20. இதைச் சொல்ல பெர்க்லி வேணுமா? நம்ம ஊரில் ஆடு வளர்க்கிற எந்த ஆத்தாவும் அகத்திக் குழையைத் தரையில கொட்ட மாட்டாங்க. கட்டித் தொங்க விடுவாங்க. ஆடு முன்னங்காலைத் தூக்கி எட்டி எட்டித் திங்கும். கோழிக்குத் தானியத்தைக் குப்பைமேட்டில் விசிறி விடுவாங்க. கிளறிப் பொறுக்கும். அந்த அறிவையே கூண்டுக்குள் கொண்டு போங்க:

— புல்லை ஒரே குவியலாப் போடாமல் நாலைந்து இடத்தில் சிதறிப் போடுங்க. மல்லித் தழையை அதுக்குள்ள ஒளிச்சு வைங்க.

— சாயம் போடாத பனையோலைக் கொட்டான் ஒண்ணுல காய்ந்த புல்லைத் திணிச்சுக் கொடுங்க. இழுத்துத் திங்கும், கொட்டானையும் கொறிக்கும். நல்லதுதான்.

— சின்ன மண்பானையின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, முனையை மழுக்கிப் படுக்க வைங்க. ஒளிஞ்சுக்க இடம், வெயிலுக்குக் குளுமை. இரண்டு பக்கமும் வழி இருந்தா ஒண்ணை ஒண்ணு மடக்காது.

— அட்டைப் பெட்டிகளை வரிசையா வச்சுச் சுரங்கம் பண்ணுங்க. காட்டில் அது புல்லுக்குள்ள பாதை போட்டு ஓடுற விலங்கு.

— வாரத்துக்கு ஒருமுறை இடத்தை மாத்திப் போடுங்க. எல்லாத்தையும் ஒரே நாளில் மாத்தாதீங்க, மிரளும்.

— ஓடுற சக்கரம், உருளும் பந்து வேண்டாம். அதன் முதுகெலும்புக்கு அது ஆகாது.

21. தனியா வளர்க்காதீங்க. இது கூட்ட விலங்கு. சுவிட்சர்லாந்தில் கினி பிக்கை ஒண்டியா வளர்க்கக் கூடாதுன்னு 2008இல் சட்டமே போட்டாங்க. ரெண்டு பெண், இல்லேன்னா சின்ன வயசிலிருந்தே சேர்ந்து வளர்ந்த ரெண்டு ஆண் பாதுகாப்பு. சந்தோஷம் வந்தா திடீர்னு துள்ளிக் குதிக்கும். சோளப்பொரி பொரியிற மாதிரி இருக்கும். தேடித் திங்க ஆரம்பிச்ச கொஞ்ச நாளில் நீங்களே பார்ப்பீங்க.

22. கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி பக்கம் வளர்க்கிறவங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இது மலைக்குளிரில் பிறந்த விலங்கு. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். நம்ம சித்திரை வெயில் எத்தனைன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்கு அடியிலோ மொட்டை மாடியிலோ கூண்டு வச்சா ஒரே மதியத்தில் முடிஞ்சுடும். தரைத்தளம், காற்றோட்டம், மண்பானை, மேலே ஈரத்துணி. இதுக்கு வழியில்லாத வீட்டில் வாங்காமல் இருக்கிறதே அதுக்கு நீங்க செய்ற உதவி. பிள்ளை அழுதாலும் பரவாயில்லை, நாலு நாள் அழும்.

கடம்பூர் போளியை நீங்க சாப்பிடுங்க. அதுக்குக் கொடுக்காதீங்க.

23. மருத்துவரா ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். அது மூக்கொழுகுதுன்னு வீட்டில் மிச்சம் இருக்கிற அமாக்சிசிலின் சிரப்பை ஊத்தாதீங்க. பென்சிலின் குடும்ப மருந்து வாய்வழி போனா அதன் குடலில் நல்ல கிருமி அழிஞ்சு கெட்ட கிருமி பெருகிச் செத்தே போகும்.

1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி குழு பென்சிலினைச் சோதிச்சது சுண்டெலிகளில். பிழைச்சதைப் பார்த்து உலகத்துக்கே மருந்து கிடைச்சது. அன்னைக்குக் கினி பிக்கை எடுத்திருந்தா, பென்சிலின் விஷம்னு மூட்டை கட்டியிருக்கவும் கூடும். நமக்கு ஆகுற மருந்து அதுக்கு ஆகாது. கால்நடை மருத்துவரைப் பாருங்க. நான் மனுஷ டாக்டர்.

24. கடைசியா, மனுஷங்களுக்கு. ஸ்கர்வி பழைய கப்பல் நோய்னு நினைக்காதீங்க. ரெண்டு மூணு உணவைத் தவிர எதையும் தொடாத குழந்தைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், குடிநோயாளிகள், தனியா டீயும் பன்னும் சாப்பிட்டு நாளை ஓட்டுற முதியவங்க, இவங்களுக்கு இன்னைக்கும் வருது. கால் வலின்னு நடக்க மறுக்கிற குழந்தைக்கு ஈறும் வீங்கியிருந்தா "என்ன சாப்பிடுறான்?"னு கேட்கணும்னு எங்களுக்குத் தோணுறதுக்குக் காரணம் அந்தக் கூண்டு விலங்குகள்தான். நோயைக் கண்டுபிடிச்சா மருந்து மலிவு. சில நாளிலேயே வலி குறையும்.

உங்க வீட்டுக் கூண்டைப் போய் ஒருதடவை பாருங்க. புல் இருக்கா, பச்சை இருக்கா, கூட ஒரு துணை இருக்கா, ஒளிஞ்சுக்க ஒரு பானை இருக்கா. இல்லேன்னா இன்னைக்கு சாயங்காலமே பத்து ரூபாய்க்கு மல்லிக்கட்டு வாங்கிட்டு வாங்க. பாதி அதுக்கு, பாதி உங்க ரசத்துக்கு.

கினி பிக் வளர்க்கிற நண்பர் யாராவது இருந்தா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.